காக்கி போட்ட திருஷ்டி பொம்மை

கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய போலீஸ் அதிகாரி பங்களா கட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் காவல் என் அப்பா. அப்பாவுக்குக் காவல் ஒரு வைக்கோல் பொம்மை. இருவரில் ஊர் பயந்தது பொம்மைக்குத்தான்.

கட்டுகிற வீட்டில் கண் படாமலிருக்கப் பொம்மை கட்டுவது வழக்கம். அதற்கு வீட்டுக்காரரின் பழைய துணி ஏதாவது வேண்டும் என்று மேஸ்திரி கேட்டாராம். அதிகாரியின் டிரைவர் யோசிக்காமல் ஒரு பழைய காக்கி உடுப்பைக் கொடுத்துவிட்டார். அதில் வைக்கோலை அடைத்து, தலைக்கு மண்சட்டி கவிழ்த்து, மாடித் தூணில் கட்டினார்கள். மேஸ்திரிக்குத் தாராளமான கை. தொப்பைகூட அளவெடுத்தாற்போல வந்துவிட்டது. பங்களா இருந்த ரோட்டு வளைவு வந்தால் டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்குகிறவர்களை உள்ளே ஏறச் சொல்வார். சானமாவுக் காட்டிலிருந்து வந்த யானைகூட எங்கள் வேலியைத் தொடாமல் பக்கத்துத் தோட்டத்து ராகியைத் தின்றுவிட்டுப் போனது. அதன் மேலும் ஏதோ கேஸ் இருந்திருக்கும்.

பிறகு அதிகாரி மேலேயே கேஸ் வந்தது. சம்பளத்துக்கு மீறிச் சொத்து சேர்த்தார் என்றார்கள். கட்டட வேலை நின்றது. வாசற்கால்கள் நின்றன, கதவுகள் வரவில்லை. அப்பாவுக்குச் சம்பளமும் வரவில்லை. ஆனாலும் சிமெண்ட் மூட்டை வைத்திருந்த ஷெட்டில் நாங்கள் மூன்று பேரும் வாடகையில்லாமல் இருந்தோம். கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை போன அப்பாவுக்கு அந்தத் தகரக் கூரையை விட்டால் வேறு இடமில்லை.

"பொம்மை எறங்குற அன்னைக்கு நாமளும் மூட்டையக் கட்டணும்" என்பாள் அம்மா. கிரகப்பிரவேசம் நடந்தால்தானே பொம்மையை இறக்குவார்கள்? அதனால் மழையில் வைக்கோல் மட்கும்போதெல்லாம் அப்பா மாடி ஏறிப் புது வைக்கோல் அடைத்துவிட்டு வருவார். காற்றில்லாத மத்தியானத்திலும் அதன் ஒரு கை மட்டும் மெல்ல ஆடும். நான் அதற்கு முதுகு காட்டி ஒன்றுக்குப் போனதே இல்லை.

கோர்ட்டில் தண்டனை என்று டீக்கடைப் பேப்பரில் பார்த்துவிட்டு அப்பா ஓடிவந்தார். இனி நம் கதி என்ன என்று அம்மா கேட்டாள்.

"உள்ள போறவரு நம்மள எப்புடிடி வெளிய அனுப்புவாரு?" என்றார் அப்பா.

ஆனால் உள்ளே போகவேண்டியவர் அப்பீல் போட்டு, ஜாமீன் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட யாருமில்லை. வேட்டி, தொளதொளத்த சட்டை. ஆள் பாதியாகியிருந்தார். அண்ணாந்து பொம்மையைப் பார்த்தபடி நின்றார். பொம்மை அவரைவிடக் கொழுத்திருந்தது. அதுதான் அதிகாரி, கீழே நிற்பது யாரோ மனு கொடுக்க வந்த ஆள் என்றே எனக்குத் தோன்றியது. ஓடிவந்த அப்பா விறைத்து ஒரு சல்யூட் அடித்தார். அது பதற்றத்தில் நேராக மாடிக்குப் போய்விட்டது.

"அத எறக்கிடு" என்றார் அவர்.

"பால் காய்ச்சாம எறக்கக் கூடாதுங்க சார்" என்றார் அப்பா.

அவர் வீட்டுக்குள் போனார். முதல் வாசற்காலில் கையை நீட்டி, இல்லாத கைப்பிடியைத் திருகி, இல்லாத கதவைத் தள்ளினார். உள்ளே போய்த் திரும்பி அதை மெதுவாகச் சாத்தினார். பின்னால் போன அப்பா அங்கேயே நின்றுவிட்டார். எதிரே வெறும் வெளிச்சம்தான், ஆனாலும் அப்பாவின் கால் எழவில்லை. அடுத்த அறை, அதற்கடுத்த அறை. எல்லாவற்றிலும் அதே திருகல், அதே சாத்தல், சத்தமே இல்லை.

எனக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. வெளியே சுற்றி ஓடி, ஜன்னல் ஓட்டை வழியாகக் கடைசி அறைக்குள் குதித்து, சுவரோரம் ஒளிந்துகொண்டேன். அவர் வந்தார். ஏனோ இந்த ஒரு கதவை மட்டும் அவர் திருகவில்லை. மரச்சட்டத்தில் விரலால் தட்டினார்.

"யாருங்க அது?" என்றேன், பெரிய மனுசன் குரலில்.

தூரத்தில் அப்பா "டேய்" என்றது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். தன் பெயரே மறந்தவர்போல் அவர் என் முகத்தையே பார்த்தார்.

"தெரியாம வந்துட்டேன் தம்பி. உங்க வீடா?"

"ஆமா."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வந்த வழியே, ஒவ்வொரு வாசற்காலிலும் தலையைத் தாழ்த்தி, வெயிலில் கொதித்த ஜல்லியின் மேல் வெறுங்காலோடு நடந்து ஆட்டோவில் ஏறினார்.

இனி விரட்டிவிடுவார் என்று அன்றைக்கே ஷெட்டில் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே அழுதாள். ஆனால் கவர்ன்மென்ட் ஆட்கள் பங்களாவுக்குச் சீல் வைக்க வந்தது ஒரு மாதம் கழித்துத்தான். அவ்வளவு பெரிய ஆள் கேட்டார், நான் ஆமாம் என்றேன், வீடு நமக்கு ஆகிவிட்டது. இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் கண்ணைத் துடைப்பதற்குள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு ஓடி, கடைசி அறைச் சுவரில் என் பெயரை எழுதினேன்.