வெயிலிலும் காயாத ஈரம்

ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர் களிமண் பூமி. கோடையில் மண் வெடித்து விலகும்போது, அடியில் இருக்கும் குடிநீர்க் குழாயின் இணைப்பும் விட்டுப்போகும். போன கோடையில் எங்கள் வாசலோரம் ஓரிடம் மட்டும் காயவே இல்லை. துணி துவைத்த தண்ணீர்தானே என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் என் கணவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளோடு டிராக்டரை அங்கே நிறுத்த வந்தார். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா, "தம்பி, வராதீங்க! தரை உள்ள போய்க்கினு இருக்குது!" என்று கத்தினார். என் கணவர் பிரேக் போடவும், முன்சக்கரத்துக்கு எதிரே தரை பொதுக்கென்று இறங்கியது. பள்ளத்துக்குள் குழாய் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது.

இப்போதெல்லாம் காய்ந்த தரையில் ஈரத்தைக் கண்டால், உடனே தண்ணீர் திறந்துவிடுபவரைக் கூப்பிட்டு வால்வை அடைக்கச் சொல்கிறேன். இந்தக் கோடையில் எங்கள் தெருவில் எந்தக் கசிவும் பள்ளமாகவில்லை. என் கணவரும் என்னைக் கேட்டுத்தான் வண்டியை நிறுத்துகிறார்.