சத்தத்தை மூடிப் பார்த்த வீடியோ

பட்டன் அக்காவின் விரல்கள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தன. கண் மட்டும் பக்கத்துத் தையல் மெஷினுக்கே ஓடியது. அது அண்ணியின் மெஷின். ஒரு வாரமாக உறை போட்டுக் கிடக்கிறது.

பட்டன் இல்லாத சட்டையோடு எவரும் கடையைத் தாண்டிப் போக முடியாது, கூப்பிட்டு உட்காரவைத்துத் தைத்துவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்டவளுக்கே ஒரு வீடியோ தண்ணி காட்டியது.

இனப்படுகொலையில் கொல்லப்பட்ட அவள் அண்ணனின் கல்யாணப் படத்தைப் போட்டு எவனோ பேசியிருந்தான். படுகொலையே கட்டுக்கதையாம், இந்த ஆள் வெளிநாட்டில் சொகுசாக இருக்கிறானாம். காய்கறிக்காரன் அண்ணியிடமே கேட்டுவிட்டான், "வீட்டுக்காரர் பணம் அனுப்புறாராக்கா?" அன்று கதவைச் சாத்தியவர்தான் அண்ணி.

அக்கா புகார்மேல் புகார் கொடுத்தாள். வீடியோ கம்பெனியிடமிருந்து ஒரே பதில்: விதிமீறல் இல்லை. படுகொலையை மறுக்கக் கூடாது என்பது அவர்களே எழுதிவைத்த விதி!

சாயங்காலம் மாடிவீட்டு மருமகள் அளவு கொடுக்க வந்தாள். அந்தக் கம்பெனிக்கு வீடியோ சரிபார்க்கிற ஆபீசில் வேலை.

"ஏம்மா, அங்க எல்லாரும் தூங்கிக்கிட்டா வேலை பார்க்கிறீங்க?" என்று அக்கா பிடித்துக்கொண்டாள்.

அக்கா போட்டுக் காட்டிய வீடியோவைக் கேட்டதும் மருமகள் நாக்கைக் கடித்தாள். "சத்தத்தை மூடிட்டு வேகமா ஓட்டித்தாங்க்கா பார்ப்போம். அவ்வளவு குவிச்சு வைக்கிறாங்க. சத்தமில்லாம இது வெறும் கல்யாணப் படம்."

"அப்போ உங்க காதை அடைச்சது கம்பெனிதான்!"

"ஆள் போடுங்கன்னா கேக்க மாட்டேங்குறாங்க. அவன் பேசுறதை அப்படியே எழுதி, எந்த இடத்துல வருதுன்னும் போட்டு அனுப்புங்க. அப்ப கேட்டே ஆகணும்."

காஜாவைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தாள் அக்கா. ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்கெல்லாம் போன் பறந்தது. கடை கொள்ளாத கூட்டம்! அக்கா எழுதிக் கொடுத்ததை ஆளாளுக்குப் புகாராக அனுப்பினார்கள்.

"நான் அனுப்பிட்டேன். என்ன மச்சான், நீ இன்னும் போன் பூட்டையே திறக்கலியா?" என்று கூட்டத்திலிருந்த லாரிக்காரர் ஒருவர் கத்த, ஒரே சிரிப்பு.

கடை சாத்துமுன் பதில் வந்துவிட்டது. கழுத்தில் அளவு நாடா ஆட, அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"எடுத்துட்டான் அண்ணி! எடுத்துட்டான்!"

"பார்த்தவங்களுக்கு யார் சொல்றது?" என்றார் அண்ணி. அக்கா போனை அண்ணி கையில் வைத்தாள்.

மறுநாள் காலை அண்ணி தலைவாரிக் கிளம்பினார். நேரே காய்கறிக்காரனிடம் போய் அக்காவின் போனை நீட்டினார்.

"படி. தெருவுக்கே கேக்கணும்."

"படுகொலையை மறுத்ததால்... இந்த வீடியோ நீக்கப்பட்டது," என்று அவன் உரக்கப் படித்தான்.

பிறகு அண்ணி தையல் கடைக்கு வந்து, உறையை உருவிப் போட்டு, மெஷினுக்கு எண்ணெய் விட்டார்.