ஸ்டீரியோவுக்குப் பின்னால் இருந்தது

என் கார் பதினோரு வருடப் பழசு. அதோடு கூடவே வந்த ஸ்டீரியோ போன மழைக்காலத்தில் ஒருநாள் அடங்கிப்போனது. விளக்குகூட எரியவில்லை.

"போன்லயே பாட்டு கேட்டுக்கோயேன். பழைய வண்டி. டேஷ்போர்டைப் பிரிச்சா அப்புறம் எல்லாம் கடகடன்னு ஆடும்" என்றார் என் கணவர். மிக்ஸி கெட்டால் அன்றைக்கே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர், இதை மட்டும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்.

எனக்கு அந்த ஸ்டீரியோ வேண்டியிருந்தது. மாதாப்பூரில் ஆபீஸ் முடிந்ததும் கொண்டாப்பூர் வீட்டுக்கு நேரே போகமாட்டேன். ஏரிக்கரையோரம் வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் தனியாகப் பாட்டு கேட்பேன். வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். அந்த அரைமணி நேரம் யாரும் என்னை எதற்கும் கூப்பிடமாட்டார்கள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. கேட்டால் மீட்டிங் இழுத்துவிட்டது என்பேன்.

கணவர் ஆபீஸ் வேலையாக சென்னை போயிருந்த ஒரு சனிக்கிழமை, மல்காஜ்கிரியில் கார் செட் பழுது பார்க்கும் ஒருவரிடம் போனேன். நடுத்தர வயதுக்காரர். பத்தே நிமிடத்தில் ஸ்டீரியோவை வெளியே இழுத்தார். துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மேடம், இதை எதுக்கு இங்க வெச்சீங்க?" என்று கேட்டார்.

"எதை?"

தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி மின்னியது. உள்ளே ஒரு சிம் போட்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று போனுக்குச் சொல்லும் கருவி என்றார். அதை மாட்டியவர் ஸ்டீரியோவின் ஒயரை அறுத்து ஒட்டுப்போட்டிருக்கிறார். அந்த ஒட்டு விட்டுப்போனதால்தான் செட் நின்றிருக்கிறது. என் முகத்தைப் பார்த்தவர், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கருவியைக் கழற்றி ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஸ்டீரியோ பாட ஆரம்பித்தது. நான் அணைத்துவிட்டேன்.

மறுநாள் கணவர் திரும்பியதும், எங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கருவியைக் கட்டில்மேல் வைத்தேன்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார். மறுக்கவில்லை.

"அப்ப ஏரிக்கரை?"

"தெரியும்."

"தெரிஞ்சும் தினம் மீட்டிங் எப்படிப் போச்சுன்னு கேட்டீங்க."

"நீயா சொல்றியான்னு பார்த்தேன்."

நான் பொய் சொன்னது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே அவர் எனக்குத் தட்டில் தோசை எடுத்துவைத்த சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"சிம் யார் பேர்ல?"

அதற்கு மட்டும் தயங்கினார். "உன் தம்பி பேர்ல. அவன்தான் ஆளைப் பிடிச்சு மாட்டிக் கொடுத்தான்."

என் தம்பிக்கு நான் வாரம் இரண்டுமுறை போன் செய்வேன். மாமியாரோடு மனத்தாங்கல், ஆபீஸ் தொல்லை, எல்லாவற்றையும் அவனிடம்தான் கொட்டுவேன். அப்போதே அவனைக் கூப்பிட்டேன்.

"வண்டி வழியில நின்னா உதவும்னு அத்தான் சொன்னாருக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வேண்டாம்னாரு."

அவர் அப்படிச் சொன்னபோதே இது வண்டி நிற்பதற்காக இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் இரண்டு வருடம் என் கதையெல்லாம் கேட்டிருக்கிறான்.

கணவர் நாலைந்து நாள் கழித்து மன்னிப்பு கேட்டார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பேச்சு மெல்லத் திரும்பியிருக்கிறது. அவரோடு சண்டை போட முடிந்தது, அழவும் முடிந்தது. தம்பியோடு இரண்டும் முடியவில்லை. அவன் இப்போதும் கூப்பிடுகிறான். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் சொல்கிறேன். என்னைப் பற்றிக் கேட்டால், நல்லா இருக்கேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.