எண்ணெய் வைக்காத தீபாவளி

என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் பக்கத்து வீட்டுக்கும் தெரியும். செம்பைக் கீழே வைத்தாலும் இடி, கதவைச் சாத்தினாலும் இடி. ரயில்பாதையில் சம்மட்டி பிடிக்கிற கை, வேறு எப்படி இருக்கும் என்று நானும் பொறுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட மனிதர் ஒரு காட்டுப்பன்றியை நெருங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் ரங்கூனுக்கு வடக்கே மிங்கலாடோனில் குடியிருந்தோம். வீட்டுக்கும் ரயில்பாதைக்கும் நடுவில் நான் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தேன். தோட்டத்தின் ஓரத்தில் ஆளுயரப் புல்காடு. அதற்குள் ஒரு ஒற்றைப் பன்றி. முதல் வருஷம் பாதித் தோட்டத்தைக் கிளறிப் போட்டது. அடுத்த வருஷம் எனக்கென்று ஒரு கிழங்குகூட மிச்சம் வைக்கவில்லை. நான் இடுப்பொடியத் தண்ணீர் சுமந்து வளர்த்ததை அந்தச் சனியன் தின்று கொழுத்தது. மூன்றாம் முறை கொடி படர்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"இந்தத் தடவையும் அது வாயில போச்சுன்னா நான் நாகப்பட்டணத்துக்குக் கப்பல் ஏறிடுவேன். நீங்களும் பன்னியும் குடித்தனம் பண்ணுங்க."

வாய்ப்பேச்சு இல்லை. புதுத் தீபாவளிச் சேலை உட்பட என் துணிமணியெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. பெட்டி வாசற்கதவோரம் உட்கார்ந்துகொண்டது. அவர் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார். அவர் சாப்பாடு குறைந்துபோனது எனக்குத் தெரியும்.

பக்கத்துப் பர்மாக்காரப் பெரியவரிடம் லைசன்சோடு ஒரு துப்பாக்கி இருந்தது. பயிரைக் காக்க என் வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு ஞாயிறுதோறும் இருட்டோடு போவார். புலி பதுங்குவது பாய்வதற்கு என்பார்கள். என் வீட்டுப் புலியோ பதுங்கிவிட்டு வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தது. பன்றி எப்போதும் அவர் நெருங்கும் முன்னாலேயே மூக்கைத் தூக்கி உறுமிவிட்டு ஓடிவிடுமாம்.

தீபாவளியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் வந்தது. விடியுமுன் எழுந்து எண்ணெயைக் காய்ச்சி, மணையைப் போட்டு, உட்காரச் சொன்னேன். மனிதர் தள்ளி நின்றார்.

"எண்ணெய் வேணாம் புள்ள. சனிக்கிழமை தவறாம நல்லெண்ணெயும் சீயக்காயும் தேச்சிக்கிட்டு மறுநாள் அதுகிட்ட போறேன். வாசனை பிடிச்சு ஓடிடுது. போன வாரம் காய்ச்சல்ல குளிக்கல பாரு, அன்னைக்கு துப்பாக்கி இல்லாம புல்லோரம் போனேன். கிட்டக்க நின்னுச்சு. நேத்தும் அதனாலதான் குளிக்கல."

"இழவு வீட்லதான் தீபாவளிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டாங்க. நான் செத்தா போயிட்டேன்?"

"போயிடுவேன்னு பெட்டி கட்டி வச்சிருக்கியே" என்றார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எண்ணெய்க் கையைச் சாம்பலில் துடைத்துவிட்டு, பாதி வழியிலாவது பிடித்துத் திட்டவேண்டும் என்று பின்னாலேயே போனேன். தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ரயில்பாதை மேட்டை எட்டும்போது விடிந்துவிட்டது. அங்கே ஒரு மரத்தடியில் நின்றேன். மேட்டிலிருந்து பார்த்தால் தோட்டம் முழுவதும் தெரியும். மறு ஓரத்தில் பன்றி என் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தது.

அவர் மேட்டின் அடியில் நின்று மடியிலிருந்து ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பலை எடுத்து விரல் நடுவே உதிரவிட்டார். அது அவர் முகத்தின் பக்கமாகவே பறந்தது. காற்று பன்றியிடமிருந்து வருகிறது என்று கண்டதும் குனிந்து நடந்தார். காலின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, கீழே சருகா சுள்ளியா என்று தடவிப் பார்த்து, பிறகுதான் உடம்பின் கனத்தை அதன்மேல் இறக்கினார். பன்றி தலையைத் தாழ்த்திக் கிழங்கை மெல்லும்போது நகர்ந்தார். தலை நிமிர்ந்தால் தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. செம்பை ஒழுங்காக வைக்கத் தெரியாத மனிதரா இவர்! என் வாயிலிருந்த திட்டெல்லாம் எங்கோ போய்விட்டது.

பாதித் தோட்டத்தில் நின்றுவிட்டார். அதற்கு மேல் காய்ந்த சருகு. காலை வைத்தால் நொறுங்கும். பன்றி தின்கிறது, இவர் அசையவில்லை. கொசு முகத்தில் மொய்த்திருக்கும், அதையும் ஓட்டவில்லை. அப்போதுதான் தூரத்தில் சரக்கு ரயில் ஊதியது. அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார்! அந்தப் பன்றி பிறந்தது முதல் ரயில் சத்தம் கேட்டு வளர்ந்தது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டிகள் தடதடவென்று என் முதுகுக்குப் பின்னால் போகப் போக, இவர் சருகை மிதித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னேறினார். கடைசிப் பெட்டி தாண்டும்போது முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்துச் சுட்டார். பன்றி இரண்டடி ஓடி, என் கொடிமேலேயே விழுந்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வெடித்த வெடி அது ஒன்றுதான்.

இறைச்சியைத் துப்பாக்கிக்காரப் பெரியவருக்கும் அக்கம்பக்கத்துக்கும் பங்கு போட்டுவிட்டு அவர் வந்து மணையில் உட்கார உச்சிப்பொழுது ஆகிவிட்டது. உச்சந்தலையில் எண்ணெயை வைத்தேன். அத்தனை பெருமையாக நான் யார் தலையையும் தொட்டதில்லை. 

"கப்பல்?" என்றார், தலையைத் திருப்பாமல். 

"கண்ணை மூடுங்க, எண்ணெய் இறங்குது" என்றேன்.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியைத் திறந்து புதுச் சேலையைக் கட்டிக்கொண்டேன். அவர் பார்த்தார். அந்தக் கனத்த டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அடுக்களையில் நின்ற எனக்குச் சத்தமே கேட்கவில்லை.