ஜலீலின் ஸ்லைடு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மைக்ராஸ்கோப்பில் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் என் கட்சி. நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். என் எரிச்சலே இதுவும் மைக்ராஸ்கோப்பில் தெரிந்துவிட்டதே என்பதுதான்.

இரண்டாயிரத்து ஒன்றில் பெரம்பலூரில் லேப் வைத்திருந்தேன். பேத்தாலஜி படித்த டாக்டர். லப்பைக்குடிக்காடு என்ற ஊரிலிருந்து ஜலீலை அவருடைய அண்ணன் பஷீர் கூட்டிவந்தார். ஜலீலுக்கு வயிற்றில் நீர் கோத்து வீங்கியிருந்தது. வேறொரு லேபில் அந்த நீரைப் பார்த்து, பரவிவிட்ட கேன்சர் என்று எழுதிவிட்டார்கள். பஷீருக்கு துபாயில் வேலை, லீவு முடியப்போகிறது. கேன்சர்தான் என்றால் தம்பியை வீட்டோடு படுக்கவைத்துவிட்டுக் கிளம்பிவிடுவது என்று முடிவு. என்னிடம் வந்ததே ஒப்புக்குத்தான்.

நீரை எடுத்து ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றிப் பார்த்தேன். கோணல்மாணலான உட்கருவோடு ஒரு ராட்சத செல், அவசரக்காரன் பார்த்தால் கேன்சர் என்றுதான் எழுதுவான். ஆனால் அதைச் சுற்றி, உட்கரு இன்னும் உதிராத குட்டிச் சிவப்பணுக்கள் கூட்டமாக இருந்தன. இவையெல்லாம் எலும்பு மஜ்ஜைக்குள் இருக்க வேண்டியவை, அந்த ராட்சத செல்லும்தான். மஜ்ஜை கெட்டுப்போய், உடம்பு வேறு இடத்தில் ரத்தம் செய்ய ஆரம்பித்திருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றிக் கண்ணாடியில் மையால் வட்டம் போட்டுவிட்டு, வெளியே வந்து சொன்னேன்.

பஷீர் எகிறினார். "பெரிய லேப்ல கேன்சர்ங்கிறாங்க, நீங்க இல்லங்கிறீங்க. யாரத்தான் நம்புறது? என் லீவு என்னாகுறது?"

"உங்க லீவுக்காக நான் மாத்தி எழுத முடியாதுங்க. மஜ்ஜைய எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாருங்க, தெரிஞ்சிடும்."

"பாக்குறேன். நீங்க சொன்னது மட்டும் தப்பா இருக்கட்டும், அப்ப வச்சிக்கிறேன்."

ஜலீல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்தபடி வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

கோபத்தோடு உள்ளே வந்து, ரிப்போர்ட் எழுத மறுபடி பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், வட்டத்துக்குள் இருந்த குட்டிகளுக்கு உட்கரு இல்லை, எல்லாம் முதிர்ந்து சாதாரண சிவப்பணுவாகிவிட்டன. ராட்சத செல்லை ஒட்டிப் புதிய குட்டிகள். சாயமேறிக் காய்ந்துபோன கண்ணாடி ஐயா அது, அதில் உயிரோடு எதுவும் இருக்க வழியே இல்லை. லென்ஸைத் துடைத்தேன், முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன், வெளியே மத்தியான வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கிறது, மறுநாளும் பார்த்தேன், இன்னும் கூடியிருந்தன. இது முளைத்துக்கொண்டிருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. சொன்னால் லேபை மூட வேண்டியதுதான்.

மஜ்ஜைப் பரிசோதனையிலும் நான் சொன்னதுதான் வந்தது. ஜலீலுக்கு வைத்தியம் நடந்தது, சில வருஷம் நடமாடினார், பிறகு இறந்துபோனார். பஷீரிடமிருந்து ஒரு நன்றி வரவில்லை, அந்த ஆத்திரம் எனக்கு இப்போதும் உண்டு. இறந்த சேதி கேட்ட அன்று பீரோவிலிருந்து ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். ஆள் போயும் அது நிற்கவில்லை, மை வட்டத்தைத் தாண்டிப் பரவியிருந்தது. பழைய பெட்டிகளுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

அடுத்த லீவில் பஷீர் வந்தார், நேரே என் அறைக்குள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தக் கண்ணாடியக் குடுங்க. அவனப் பொதைச்ச கபர்லயே வச்சிடுறேன். இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

"நான் எப்பங்க போன் பண்ணேன்?"

"வெளையாடுறீங்களா டாக்டரம்மா? அவன் மவுத்தானதுலேர்ந்து தெனமும் துபாய்க்குப் போன் போட்டு, இன்னும் மொளைச்சிக்கிட்டிருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னது யாரு? உங்க கொரலு எனக்குத் தெரியாதா?"

பெட்டிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அதற்குப் பிறகும் அவருக்குப் போன் வந்ததா என்று கேட்டுவிடத்தான் நினைக்கிறேன். அவருடைய நம்பர் என்னிடம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.