ஒரே நாளில் இரண்டு ஊர்க் கிணறுகள்

தன்னைத்தானே மெச்சிக்கொள்ளுமாம் தவிட்டுக் கொழுக்கட்டை என்று என் மனைவி என்னைப் பார்த்து அடிக்கடி சொல்வாள். சொல்லட்டும். வெள்ளைக்காரன் காலத்தில், பூந்தமல்லிக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் நடுவே இருந்த இரண்டு சின்ன ஊர்களின் கிணறுகளுக்கு ஒரே நாளில் மருந்து போட வைத்தோம். அதைக் கலெக்டர் செய்யவில்லை, டாக்டர் செய்யவில்லை. இரண்டு பஞ்சாயத்து போர்டுகளின் குமாஸ்தாக்கள் செய்தார்கள். அதில் ஒருவன் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

ஊர்ப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. இரண்டு ஊருக்கும் ரோஷம் இன்னும் அடங்கவில்லை, எனக்கும் அந்தத் தெருக்களில் நடமாட வேண்டியிருக்கிறது. எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே ஒரு பனைமர வரிசை, அதை ஒட்டி ஒரு வண்டிப்பாதை. அந்தப் பக்கம் அவர்கள் போர்டு, இந்தப் பக்கம் எங்கள் போர்டு. இங்கிருந்து உரக்கக் கூப்பிட்டால் அங்கே கேட்கும். ஆனால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

காரணம் ஏரி. இரண்டு ஊருக்கும் ஒரே ஏரி, ஒரே மதகு. மழை பொய்த்த ஒரு வருஷம், மதகுப் பலகையை இறக்கியது யார் என்று சண்டை வந்தது. எங்கள் பிரசிடெண்ட் பெரிய குடியானவர், முன்கோபி. அன்றைக்கே பிள்ளையார் கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்: "இனிமே அந்த ஊர்ப் பச்சத் தண்ணி என் பல்லுல படாது." சத்தியம் செய்தபோது அவருடைய ஒரே பெண்ணை அந்த ஊரில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கோபத்தில் அது அவருக்கு நினைவில்லை.

நினைவு வந்த பிறகும் அவர் சத்தியத்தை விடவில்லை. பேரன் பிறந்தபோது பார்க்கப் போனார். கையில் ஒரு பித்தளைக் கூஜா, அதில் எங்கள் ஊர்த் தண்ணீர். சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து, கூஜாவைத் திருகித் திறந்து, எல்லார் முன்னாலும் இரண்டு மடக்கு குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பெண் நீட்டிய தம்ளரைக் கையால்கூடத் தொடவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த ஊருக்குப் போனபோதெல்லாம் கூஜாவும் போனது. அந்த ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயரே "கூஜா" தான். இது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

இந்த லட்சணத்தில்தான் வாந்திபேதி வந்தது.

கோடையில் பெங்களூர் ரோட்டு வண்டிக்காரர்கள் குமணன்சாவடியில் மாடு அவிழ்த்துவிட்டுத் தங்குவார்கள். அவர்களில் ஒருவருக்குக் கண்டது என்று சேதி வந்ததும், ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து, கிணற்றில் போடும் மருந்தை என் கையில் கொடுத்தார். கறுத்த மணல்மாதிரி இருக்கும். வாளித் தண்ணீரில் கரைத்துக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழுமாய் இழுத்துக் கலக்கவேண்டும். சாயங்காலம் போட்டால் மறுநாள் காலையில் தண்ணீர் எடுக்கலாம். ஆனால் நிறம் ரோஜாப்பூ நிறமாகிவிடும், தெளிய இரண்டு மூன்று நாள் ஆகும்.

நான் பட்டியல் போட்டு, தண்டோரா அடித்து, ஒரு கிணறு விடாமல் மருந்து போட்டேன். ஒரு கிணறு விடாமல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சேரிக் கிணறு என் பட்டியலில் இல்லை. விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, என் கை தானாகவே விட்டுவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலை, வேலையை முடித்த மிதப்பில் பனைமரப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எதிரே குடமும் இடுப்புமாக ஒரு வரிசைப் பெண்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்தார்கள். முன்னால் வந்தது என் மனைவி. அவளுக்குப் பின்னால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. ஆண்கள் சண்டை ஆண்களோடு. பெண்கள் அந்த ஊர்க் கிணற்றடிக்குப் போனால் யாரும் தடுப்பதில்லை.

"இன்னா இது?" என்றேன்.

"இன்னாத்துக்குக் கத்துறீங்க?" என்றாள் மனைவி. "நீங்க போட்ட மருந்துல சோறே செவந்துபோச்சு. கொயந்த வாயில வெக்க மாட்டேன்னுது. அந்த ஊருத் தண்ணி பளிங்காட்டம் கீது."

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். அவளுக்குப் பெரிய சிரிப்பு, தெருக்கோடி வரை கேட்கும். "குமாஸ்தா ஊட்டுக்கே புடிக்காத மருந்து, எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு அண்ணாத்தே?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். போங்கள் என்று கையைக் காட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய தப்பு அந்தக் கையசைப்புதான்.

பக்கத்து ஊரில் அப்போது மருந்து போடவில்லை. அவர்கள் போர்டு தனி, அவர்கள் நாள் தனி. அவர்கள் முறை வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்தப் பளிங்குத் தண்ணீர்க் கிணற்றடியில்தான், நோய் கண்ட ஒருவருடைய துணியை முந்தின நாள் அலசியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி படுத்தாள். நான்காம் நாள் விடிவதற்குள் போய்விட்டாள். என் மனைவியும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தாள். எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு பக்கத்து ஊரில் மருந்து போட்டார்கள். இப்போது அவர்கள் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு, நிறம் தெளிந்துவிட்ட எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள்.

அந்த ஊர் குமாஸ்தா பூந்தமல்லிக்காரர், முஸ்லிம். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் வீட்டில் கோரைப்பாய், ஜமுக்காள வியாபாரம். இவருக்கு மட்டும் கையெழுத்து அச்சுமாதிரி வந்ததால் போர்டு வேலைக்கு வந்துவிட்டார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அன்றைக்குப் பனைமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

"அண்ணாத்தே," என்றார், "நீங்க மருந்து போட்டா உங்க ஜனம் இங்க வருது. நாங்க போட்டா எங்க ஜனம் அங்க வருது. நாம ரெண்டு பேரும் நோயத் தொரத்தல. ஜனத்த இந்தக் கிணத்துலேர்ந்து அந்தக் கிணத்துக்கு ஓட்டிகினு கீறோம்."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரியை அந்தக் கிணற்றுக்கு அனுப்பியது என் மருந்துதான். அன்றைக்கு அந்த மரத்தடியில் நான் அழுதேன். பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர்.

அந்தக் கோடை முடிந்து மழை வந்தது, நோயும் போனது. அடுத்த கோடையில் ரோட்டுப் பக்கம் மறுபடியும் சேதி கிளம்பியது. இந்தத் தடவை இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் மருந்து போட்டுவிடவேண்டும், ஓடுவதற்குக் கிணறே இருக்கக்கூடாது என்று பாயும் நானும் முடிவு செய்தோம். செய்யாவிட்டால் இன்னொரு வீட்டில் இன்னொரு பெண் போவாள். எங்களுக்கு வேறு கவலை இல்லை.

இரண்டு போர்டும் தீர்மானம் போடவேண்டும். யார் முதலில் போடுவது? முதலில் போடுகிறவன் இறங்கி வந்தவன் ஆகிவிடுவான், எங்கள் பக்கத்து நியாயம் அது. பாய் ஒரு வழி சொன்னார். பனைமரத்தடியில் உட்கார்ந்து, வார்த்தை மாறாமல் இரண்டு தீர்மானம் எழுதினோம். குமணன்சாவடி வளைவில் சாயங்கால பஸ் அடிக்கும் ஹாரன் இரண்டு ஊருக்கும் கேட்கும். ஹாரன் கேட்டதும் இரண்டு இடத்திலும் கையெழுத்து என்று வைத்துக்கொண்டோம்.

எழுதும்போது பாய் கிணறுகளின் பட்டியலைக் கேட்டார். கொடுத்தேன். "சேரிக் கிணறு எங்க?" என்றார். பிறகு தன்னுடைய பட்டியலைப் பார்த்தார், அதிலும் இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, "குடிக்கத் தண்ணீர் எடுக்கும் எல்லாக் கிணறுகளும்" என்று எழுதினோம்.

எங்கள் பிரசிடெண்ட் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி. "அவன் போட்டானா?"

"இப்ப போட்டுகினு இருப்பாரு ஐயா" என்றேன். ஹாரன் அடித்தது. கையெழுத்துப் போட்டார்.

குறித்த நாள் சாயங்காலம் இரண்டு ஊரிலும் மருந்து போட்டோம். இத்தோடு முடிந்தது என்று நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். விடிந்ததும் பாய் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார்.

"கெட்டுது அண்ணாத்தே. எங்க ஜனம் கொடத்தத் தூக்கிகினு ஏரிக்குக் கெளம்பி நிக்குது. 'கூஜாக்காரரு நம்ம தண்ணியத் தொடக்கூட மாட்டாரு, அவரு சேர்ந்துகினு போட்ட மருந்த நாம குடிக்கணுமா'ன்னு கேக்குது. அவரு வந்து ஒரு வாய் குடிச்சாத்தான் ஆச்சுன்றாங்க."

எங்கள் கிணற்றடியிலும் அதே கதைதான். எங்கள் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, நாமும் ஏரிக்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் மாடு குளிப்பாட்டுவார்கள், துணி துவைப்பார்கள். அந்தத் தண்ணீருக்கு என்னிடம் மருந்து இல்லை.

பிரசிடெண்ட் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு அடி பின்னால் போனேன்.

"நான் சூடம் அணைச்சவன்டா. குமாஸ்தா வந்து சொன்னான்னு சத்தியத்த விடுவேன்னு நெனச்சியா? போடா வெளிய."

எனக்கும் கோபம் உண்டு. "போறேன் ஐயா," என்றேன். "ஆனா ஏரிக்குக் கெளம்பி நிக்கிற கும்பல்ல உங்க பொண்ணும் கொடத்தோட நிக்குதாம். போன வருஷம் எங்க பக்கத்து ஊட்டுக்காரிய நான் சிரிச்சுகினே அனுப்பி வெச்சேன். நீங்களும் அனுப்புங்க."

பெண் நிற்கிறாள் என்று பாய் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. வெளியே வந்து நின்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்தார். கையில் கூஜா. அதைப் பார்த்ததும் எனக்கு வெறுத்துப்போனது. பனைமரப் பாதையில் நடந்தார். பாயும் நானும் பின்னாலேயே போனோம்.

அந்த ஊர்க் கிணற்றடியில் நல்ல கூட்டம். நான் புளுகியது உண்மையாகிவிட்டது, அவர் பெண் இடுப்பில் குடத்தோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். கூஜாவைப் பார்த்ததும் யாரோ சிரித்தார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஊர் பிரசிடெண்ட் கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றார், வா என்றும் சொல்லவில்லை.

எங்கள் பிரசிடெண்ட் நேரே பெண்ணிடம் போய்க் கூஜாவின் மூடியைத் திருகினார். கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"வெறுங்கூஜாதான்," என்றார். "உங்க ஊரு கிணத்துலேர்ந்து ரொப்பிக் குடுமா."

அவள் கயிற்றை இறக்கினாள். வாளி கிணற்றுச் சுவரில் மோதிக்கொண்டே மேலே வந்தது. ரோஜா நிறத் தண்ணீரைக் கூஜாவில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். "குடி நைனா" என்றாள். அவர் அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, பாதிக் கூஜாவைக் குடித்தார். பிறகு அந்த ஊர் பிரசிடெண்டைப் பார்த்து, "நீ வர்றியா, எங்க கிணத்துக்கு?" என்றார். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். எங்கள் கிணற்றடியில் எங்கள் பெண்கள் பார்க்க அவரும் குடித்தார். அதன் பிறகு ஏரிக்கு யாரும் போகவில்லை.

அந்தக் கோடையில் ரோட்டுப் பக்கம் நோய் வந்து போனது. எங்கள் இரண்டு ஊரிலும் அதற்காக ஒரு பாடை கட்டவில்லை, சேரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் பஸ் ஹாரன் அடிக்கும்போது இரண்டு போர்டிலும் கையெழுத்துப் போட்டோம். அடுத்து மதகுக்கும் அதே மாதிரி ஒரு தீர்மானம் எழுதினோம். பாயும் நானும் எழுதியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அவர் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த மாதக் கூட்டத்தில் எங்கள் பிரசிடெண்ட், "இதையும் தீர்மானப் புஸ்தகத்துல எழுது" என்றார்.

"இன்னான்னு எழுத ஐயா?"

"அந்த ஊருத் தண்ணி நல்லா கீதுன்னு எழுது."

எழுதினேன். வீட்டுக்கு வந்து அந்த வரியை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். கொழுக்கட்டை பழமொழி வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தாள்.

"ஒரே நாள் தீர்மானத்தப் போன வருஷமே எழுதியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

எழுதியிருக்கலாம் என்றேன்.