மாயகிருஷ்ணன் வீட்டுப் பாதாளக் கரண்டி

பொருளைத் தொலைத்துவிட்டு வந்து கையைப் பிசைகிறவர்களைக் கண்டால் மாயகிருஷ்ணனுக்கு ஆகாது. எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் கோவில்பட்டிக்கு வந்தவர் அவர். படிப்பு இரண்டாம் வகுப்பு. தீப்பெட்டி ஆபீசில் மூட்டை தூக்கினார், தெருவோரத்தில் ஆணி விற்றார், பிறகு சொந்தமாக இரும்புக்கடை போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் காலை ஏழு மணிக்குக் கடை திறக்காத நாள் கிடையாது. ஒரு ஆணியைத் தொலைத்ததும் கிடையாது. பெரிய படிப்புப் படித்த எவன் இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும்?

கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் மாட்டி இழுக்கிற பாதாளக் கரண்டி அந்தத் தெருவிலேயே அவர் வீட்டில்தான் இருந்தது. பன்னிரண்டு கொக்கி. பட்டறையில் பக்கத்திலேயே நின்று அடித்து வாங்கியது. கொல்லைச் சுவரில் தொங்கும். வேண்டியவர்கள் வழக்கப்படி ஒரு பாத்திரத்தை அடகாக அங்கே வைத்துவிட்டு எடுத்துப் போவார்கள். அவர் கண்ணில் பட்டால் பிரசங்கமும் உண்டு.

"பொருளு எங்கயும் போகாது. விழுந்த எடத்துலதான் கெடக்கும். மனுசப் பய புத்திதான் ஊர் மேயப் போயிருது. தொலஞ்சது வாளியில்ல, நீ!"

தொண்ணூற்றேழாம் வருஷம் சித்திரையில் ஒருநாள் காலை, தண்ணீர் இறைக்கக் குனிந்தவரின் இடுப்பிலிருந்து கடைச் சாவிக்கொத்து நழுவியது. கிணற்றுக்குள் 'டுபுக்' என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் சுவரில் கரண்டி இல்லை.

"ஏட்டி சுப்புத்தாய்! அடகு வைக்காம எவ கரண்டிய எடுத்துட்டுப் போனா?"

"எதுக்கு இந்தச் சத்தம் போடுதீய? நேத்து அங்கன ஒரு செம்பு இருந்துச்சு. நம்ம செம்புன்னு உள்ள எடுத்து வச்சிட்டேன். உங்க பேருதான வெட்டியிருக்கு" என்றாள் மனைவி.

அவர் பெயர்தான். தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் எவர்சில்வர் செம்பு வாங்கி, 'எப்போதும்வென்றான் மாயகிருஷ்ணன் அன்பளிப்பு' என்று கொட்டை எழுத்தில் வெட்டித்தான் கொடுப்பார். அது இல்லாத வீடு எது? எந்த வீட்டுச் செம்பு இது?

செம்பும் கையுமாக வீடு வீடாக ஏறினார்.

"எங்க செம்பு இந்தா இருக்கே அண்ணாச்சி. என்ன தொலஞ்சு போச்சு?"

"ஒண்ணும் தொலயல!" என்று எரிந்து விழுந்தார்.

ஆறாவது வீடு பதருன்னிசாவுடையது. போன வருஷம்தான் மகளைக் கட்டிக்கொடுத்தவள்.

"நாந்தான் எடுத்தேன் அண்ணாச்சி. குடத்த எடுக்க எங்க கெணத்துக்குள்ள விட்டேன். கயிறு அத்துப்போயி கரண்டியும் விழுந்துட்டு."

"தேடுத கரண்டியவே தொலச்சா, அத எத விட்டும்மா தேட?"

"பொருளு எங்கயும் போகாதுன்னு நீங்கதான சொல்லுவீய? கெணத்துலதான் கெடக்கு."

கயிற்றின் மேல் கோபம், கிணற்றின் மேல் கோபம், இத்தனை கல்யாணம் பண்ணிய தெருவின் மேலேயே கோபம். ஆள் இறக்கிச் சாவியை எடுக்கலாம்தான். ஆனால் மணி ஏழாகப் பத்து நிமிஷம். கடைக்கு விறுவிறுவென்று நடந்தார்.

மண்வெட்டி வாங்க விளாத்திகுளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சோலைச்சாமி கடை வாசலில் நின்றிருந்தான். மாயகிருஷ்ணன் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடிக்க ஆரம்பித்தார்.

"சாவி எங்க அண்ணாச்சி?"

அடி விழுந்துகொண்டே இருந்தது. பூட்டு அசையவில்லை. ஏழு மணிக்கு மில் சங்கு ஊதியது. அவர் கை அப்படியே நின்றது.

"சாவி எங்க அண்ணாச்சி?" மறுபடியும் அவன்.

"தொலச்சிட்டேன்! நாந்தான் தொலச்சேன்! போதுமாலே?"

பஜாரே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் ஓங்கி அடித்தார். நாற்பத்து மூன்றாவது அடியில் பூட்டு வாயைத் திறந்தது. நசுங்கிய பூட்டை எடுத்துச் சோலைச்சாமியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"எண்ணுனியாலே? நாப்பத்திமூணு அடி தாங்கியிருக்கு. இது எங்க கடப் பூட்டு!"

மண்வெட்டி வாங்க வந்தவன் தலையில் ஒரு பூட்டையும் கட்டித்தான் அனுப்பினார்.